அளக்காரத் தெருவின் உயரம்

“காத்து எங்கேருந்து வருதுன்னு கேக்காதே, வர்றப்ப உன் பாத்தியில…” என்று வைரக்கண்ணு மாமா அடிக்கடி சொல்வார். அதற்குமேல் தண்ணீர் நிற்கிறதா பார் என்றாரா, தண்ணீரைக் கலக்காமல் இரு என்றாரா, அல்லது அந்த இடத்தில் இருமல் வந்து பேச்சையே விட்டுவிடுவாரா என்பது இளஞ்சேரனுக்கு நினைவில்லை. கனடாவில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டுத் திரும்பியவனுக்கு மாமாவின் பேச்செல்லாம் முன்பாதியோடு நின்றுபோயிருந்தது. ஆனால் வேதாரண்யத்துக்குத் தெற்கே, கடலும் தரையும் ஒரே மட்டத்தில் படுத்துக்கிடக்கிற அந்த ஊரில், உப்பளக்காரர்கள் குடியிருக்கிற அளக்காரத் தெருவுக்கு மட்டும் காற்று மெலிந்துபோன பங்குனி மாதத்தில், அந்தக் காற்று எங்கேயிருந்து வந்தது என்று உண்மையிலேயே யாரும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் சோறு ஏன் வேகவில்லை என்பதுதான்.

முதலில் இளஞ்சேரனின் பக்கத்து வீட்டுக் கஸ்தூரிக்கு வேகவில்லை. உலை வழக்கத்தைவிடச் சீக்கிரமாகக் கொதித்தது, தளதளவென்று கொதித்துக்கொண்டே இருந்தது, அரிசி மட்டும் நறுக்கரிசியாகவே நின்றது. ரேஷன் அரிசியைத் திட்டினாள். மறுநாள் எதிர்வீட்டில் பொன்னி அரிசியும் வேகவில்லை. அதற்கடுத்த நாள் கலியமூர்த்தி டீக்கடையில் சரம் சரமாகத் தொங்கிய சிப்ஸ் பாக்கெட்டுகள் தலையணைபோல ஊதிக்கொண்டன, அதில் ஒன்று வெடித்ததில் கடைப்பூனை மூன்று நாள் அந்தப் பக்கம் வரவில்லை. இளஞ்சேரன் அந்தப் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துவிட்டு, “கொடைக்கானல் உயரம் இருக்கும்” என்றான். தெருவுக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. கொடைக்கானல் பார்க்காமலே கண்ணை மூடிவிடுவோமோ என்று குறைப்பட்டவர்கள் பலபேர் அங்கே இருந்தார்கள். அவர்கள் மறுநாளே குரங்குக்குல்லாய் வாங்கி மாட்டிக்கொண்டார்கள்.

காரணம் இளஞ்சேரன்தான் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது, யாரும் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆவணி பிறந்ததும் அவன் வடக்கே போய், சங்லா காங் என்கிற சிகரத்தில் ஏறுவதாக இருந்தான். நடந்து ஏறுகிற மலையில்லை அது; கடைசிப் பகுதி சுவர்போல நிற்கும் பனி, பூட்ஸில் மாட்டிய இரும்புப் பற்களின் நுனியைக் குத்தி, இரண்டு கையிலும் கோடரியைக் கொத்தி, வழிகாட்டி கட்டிவைத்த கயிற்றில் தன்னை மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். வழிகாட்டியின் பெயர் ராணா, உத்தரகாசிக்காரர். என்னென்ன பயிற்சி செய்ய வேண்டும் என்று வாரம் ஒருமுறை போனில் சொல்வார். பனிக்கு எங்கே போவது, மேட்டுக்கே வழியில்லாத ஊரில்? ஆனால் அளத்து ஓரத்தில் விற்காமல் கிடந்த பழைய உப்பு அம்பாரம் ஒன்று இருந்தது, கீற்று பறந்துபோய், இரண்டு மழைக்காலம் நனைந்து, வெயிலில் இறுகி, வெள்ளைவெளேரென்று பாறையாகிப்போன அம்பாரம். அதில்தான் அவன் பங்குனி வெயிலில், காலில் இரும்புப் பல் மாட்டிக்கொண்டு, முதுகில் தண்ணீர் கேன் சுமந்துகொண்டு ஏறினான், இறங்கினான், மறுபடி ஏறினான்.

“மாப்ளே, மேல போயி என்ன பாத்தே?” என்று கேட்டான் கலியமூர்த்தி, பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்.

“கடல்.”

“அதைத்தான்டா நாங்க கீழேருந்தே பாக்குறோம், செருப்பு போடாம.”

இளஞ்சேரன் சிரித்தான். நாற்பத்தெட்டு வயதில் இது எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவன் ஒவ்வொரு பதில் வைத்திருந்தான், எதுவும் முழுப்பதில் இல்லை. கனடாவில் அவன் வேலை பார்த்த கட்டடத்தின் ஜன்னலில் ஒரு மலைத்தொடர் தெரியும். ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் என்று சொல்லிக்கொண்டே வந்ததில் ஜன்னலும் போயிற்று, வேலையும் போயிற்று, கூட இருந்தவளும் போனாள். யாரும் கூப்பிடாத, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஓர் இடத்தில், ஒரே ஒரு தடவை, ஐந்து நிமிஷம் நிற்க வேண்டும். அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது.

அவன் முதல்முறையாகக் கையை ஊன்றாமல் உச்சிக்குப் போன அன்றைக்குத்தான் கஸ்தூரி வீட்டு உலை பொய்த்தது. பிறகு அவன் சுமை ஏற ஏற, மூச்சு பழகப் பழக, தெருவும் கூடவே ஏறியது.

தெரு அதற்குப் பழகிக்கொண்டதை இப்படிச் சொல்லலாம்: குக்கர் இல்லாத வீட்டார் குக்கர் வாங்கினார்கள், கலியமூர்த்தியின் டீ எவ்வளவு கொதித்தாலும் சூடு பிடிக்காததால் வாடிக்கையாளர்கள் ஊதாமல் ஒரே மடக்கில் குடித்துவிட்டு அடுத்தவருக்கு இடம் விட்டார்கள், மினி பஸ் டிரைவர் தெருமுனைக்கு வந்ததும், தரை தட்டையாகத்தான் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டே, கியரைக் குறைத்தார், குழாயடிச் சண்டைகள் பாதி வசவிலேயே மூச்சு வாங்கி நின்று, மீதியை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று இரு தரப்பும் கைகாட்டிக் கலைந்தன, பிள்ளைகள் அடித்த பந்து அளத்தைத் தாண்டி விழுந்தது, கல்யாணத்துக்கு வந்த நாயனக்காரர் ராகத்தை ஆரம்பித்துவிட்டு, மாப்பிள்ளையைப் பார்த்துக் கண்ணாலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தவிலிடம் விட்டுவிட்டார். காக்கைகள் பறப்பதைக் குறைத்துக்கொண்டு நடந்தன. மாசியோடு வடக்கே திரும்பியிருக்க வேண்டிய வரித்தலை வாத்துகள், இமயத்தைத் தாண்டிப் பழகியவை, சித்திரையிலும் அளத்தில் இறங்கி வீட்டுக்காரர்போல உலாவின.

அதோடு உப்பு. காற்று மெலிந்தால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்கூட அதை இப்படிப் பார்த்ததில்லை. காலையில் பாத்தியில் விட்ட கடல்தண்ணீர் மத்தியானமே பூத்து நின்றது. வாரி முடித்துத் திரும்பினால் வாரிய இடத்தில் மறுபடி வெள்ளை. உப்பு வியாபாரி செல்லையா, வாழ்நாளெல்லாம் வானத்தைப் பார்த்தே கழுத்து வளைந்தவர், இப்போது இளஞ்சேரனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் ஏறப் போகும்போது தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு இரண்டு ஆட்கள் கூடவே போனார்கள். ஒருநாள் அவன் சளி பிடித்துப் படுத்தபோது தெருவே கஷாயத்தோடு வாசலில் நின்றது. பக்கத்துத் தெருவுக்குக் காற்று கசிந்துவிடக் கூடாதென்று செல்லையா தெருவின் இரண்டு முனையிலும் கீற்றுத் தட்டி வைத்து அடைத்தார். காற்றைத் தட்டி வைத்து அடைக்க முடியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை, இரண்டு தட்டிக்கு நடுவில் பஸ் போக வழி விட்டதுதான் பேச்சாக இருந்தது.

இளஞ்சேரனின் அக்கா அஞ்சுகத்துக்கு மட்டும் அந்த உயரம் ஒத்துக்கொள்ளவில்லை.

அம்மா இல்லாத வீட்டில் அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். பிறகு பல வருஷம் உப்பு அரைக்கிற ஆலையில் வேலை பார்த்து, அந்தப் பொடியை நெஞ்சுக்குள் வாங்கிக்கொண்டு, இழுப்போடு வீட்டுக்கு வந்தவள். மற்றவர்களுக்குக் காற்று மெலிந்தது; அவளுக்கு ஏற்கெனவே மெலிந்திருந்தது. வைகாசி வந்தபோது அவள் படுப்பதை விட்டுவிட்டாள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள். கேட்டால், “படுத்தா முதுகு வலிக்குது” என்றாள்.

இளஞ்சேரன் அவளை மன்னார்குடிக்கு, அவளுடைய மகள் வீட்டுக்கு அனுப்பிவைத்தான். இரண்டே நாளில் மருமகன் அவளைக் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். மரியாதையான பிள்ளை, நேராகச் சொல்லத் தெரியாமல், “மாமா, எங்க வீட்ல ரெண்டு நாளா பருப்பு வேகல” என்றார். அப்போதுதான் தெரிந்தது, தெருக்காரர் போகிற இடமெல்லாம் தெருவின் உயரமும் கூடவே போகிறது என்று. ஆஸ்பத்திரியிலிருந்து ஆக்ஸிஜன் சிலிண்டர் கொண்டுவந்து வைத்தார்கள். அது அக்காவின் பக்கத்தில் வந்ததும் அதற்குள்ளிருந்த காற்றும் மெலிந்துபோயிற்று. இளஞ்சேரன் பயிற்சியை நிறுத்திப் பார்த்தான். உயரம் ஏறவில்லை; இறங்கவும் இல்லை.

அவன் ராணாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னான். ராணா ஆச்சரியப்படவில்லை.

“எங்க கிராமத்துக்கு ஒரு தடவை கடல் வந்துது, சேரன் ஜி. போலந்துக்காரர் ஒருத்தர், துறைமுகத்துல வேலை, எங்களோட ஏற வர்றதாச் சொன்ன நாள்லேருந்து. முதல்ல கிணத்துல உப்பு. அப்புறம் உருளைக்கிழங்கு வயல்ல அலை. எங்கம்மா எருமையைக் கூரைமேல ஏத்திக் கட்டினாங்க.”

“அப்புறம்?”

“அவர் உச்சில நின்ன அன்னிக்குத் தண்ணி கூரைக்கு மேல போச்சு. அவர் இறங்கினார், ஊருக்குப் போனார், கடலும் போயிருச்சு. நாங்க எல்லாம் அதுக்குள்ள நீந்தக் கத்துக்கிட்டிருந்தோம்.”

“எல்லாருமா?”

“என் தாத்தா கத்துக்கல” என்றார் ராணா. பிறகு வேலைக்குரலுக்குத் திரும்பினார். “நீங்க உச்சில நிக்கிறப்போ உங்க தெருவும் உச்சிலதான் நிக்கும். அதனால எல்லாரையும் தயார் பண்ணணும், உங்களை மட்டுமில்ல. ஒரே கயித்துல கட்டினவங்கள்ல யாரு மெதுவோ அவங்க வேகம்தான் எல்லாருக்கும். விரல்ல மாட்டிப் பாக்குற மிஷின் இருக்குல்ல? தெருவுல யாருக்கு எண் குறைச்சலோ, அதை எனக்குத் தினம் சொல்லுங்க. ஒருத்தர் எழுபதுக்குக் கீழ போனாலும் ஏற்றம் முடிஞ்சுது. வேணாம்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, என் கயித்துலேருந்து உங்களை எடுத்துடறேன். அன்னிக்கே உங்க தெரு கீழ வந்துரும். என் கயித்துல நீங்க இருக்கிற வரைக்கும் வராது.”

கொரோனா காலத்தில் வாங்கிய மிஷின் எல்லா வீட்டு அலமாரியிலும் இருந்தது. தெரு அதைத் தூசி தட்டி எடுத்தது. காலையில் டீக்கடை வாசலில் நின்று இளஞ்சேரன் வீடு வீடாகக் குரல் கொடுப்பான், வீடுகள் உள்ளேயிருந்து பதில் சொல்லும், அக்கம்பக்கத்தார் சந்தித்துக்கொண்டால் சாப்பாடு ஆச்சா என்பதற்குப் பதில் “உங்களுக்கு எவ்வளவு?” என்று கேட்டுக்கொண்டார்கள். எண்பதுக்குமேல் இருந்தால் பெருமை, குறைந்தவர்களுக்குக் கேலி. ராணா சொன்னபடி தெருவே சாயங்காலம் அம்பாரத்தை மெதுவாகச் சுற்றி நடந்தது, புடவையை இழுத்துச் செருகிய பெண்கள் முன்னால், லுங்கிகள் பின்னால், வாத்துகள் கடைசியில். உடம்புகள் பழகின. எண்கள் தேறின. அக்கா நடக்க வரவில்லை, ஆனால் அடுப்படியிலிருந்து அவள் குரல் தினமும் வந்தது: “எண்பத்தி நாலு!”

குறைச்சலான எண்ணாகக் கலியமூர்த்தியின் எழுபத்தொன்பதை ராணாவுக்குச் சொன்னபோது இளஞ்சேரனுக்கு உள்ளே ஏதோ இடித்தது. அதை அவன் உற்றுப் பார்க்கவில்லை. ஆனியில் தெரு லடாக்கைத் தாண்டியது. புறப்படுகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அம்பாரத்தின் செங்குத்தான பக்கத்தில் பற்களின் நுனியிலேயே அவன் நின்றான், கெண்டைக்கால் நடுங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஓர் எண்பத்தி நாலை நம்புவது சுலபமாக இருந்தது.

ஆடி பிறந்த ஒரு காலையில் குரல் கொடுப்பதற்கு முன்பே, மறந்துபோன கையுறையை எடுக்க அவன் வீட்டுக்குள் போனான். அடுப்படியில் அக்கா தரையில் சுவரோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கஸ்தூரி குந்தியிருந்தாள். அக்காவின் கையில் கஸ்தூரியின் கை இருந்தது, மிஷின் கஸ்தூரியின் விரலில் இருந்தது.

கஸ்தூரி எழுந்துகொண்டாள். “பெரியம்மாதான் மாமா… தினமும் கூப்பிடுவாங்க. நான் சொன்னேன், வேணாம்னு சொன்னேன்.”

“அவ விரலு கதகதன்னு இருக்கு” என்றாள் அக்கா. இரண்டு மூச்சுக்கு ஒரு சொல்லாகத்தான் வந்தது. “என் விரலு சில்லுன்னு. மிஷினு. காட்ட மாட்டேங்குது.”

இளஞ்சேரன் அவள் கையைப் பிடித்து மிஷினை மாட்டினான். நகங்கள் நாவற்பழ நிறத்தில் இருந்தன. மிஷின் யோசித்தது. ஐம்பத்தாறு.

“அது பொய் சொல்லும்” என்றாள் அக்கா.

கஸ்தூரி போய்விட்டாள். வெளியே கலியமூர்த்தி, “மாப்ளே, எண்ணு கேக்கலியா இன்னிக்கு?” என்று கத்தினான், யாரும் பதில் சொல்லாததால் அவனே தன் எண்ணைச் சொல்லிக்கொண்டான்.

“நான் போகலக்கா.”

“இப்ப சொன்னியே. அதைச் சொல்லிட்டு. கண்ணாடில உன் மூஞ்சியைப் பாரு.” அவள் கொஞ்சநேரம் மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள், வேறு வேலை இல்லாதவள்போல. “நீ போகலன்னா எனக்கு மூச்சு வரும். சரி. வந்த மூச்சை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? நீ மாடியில நின்னு வடக்கே பாப்பே. அதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். சாகற வரைக்கும்.”

“அப்படியெல்லாம் இல்லக்கா.”

“இருக்கும்டா சேரா. நான்தானே உன்னைத் தூக்கி வளத்தேன். எனக்குத் தெரியாதா? மிட்டாய் வேணாம்னு சொல்லிட்டுக் கடையையே பாத்துக்கிட்டு நிப்பே.” சிரிக்கப் போய் இருமல் வந்து, அது அடங்க வெகுநேரம் ஆனது. “அப்பா கெடையா கெடந்தப்ப கனடா போனே. நான்தான் போன்னு சொன்னேன். போனே. அதுல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது. இப்ப மட்டும் எனக்காக நிக்காதே. நான் காரணமா இருக்க மாட்டேன்.”

“செத்துப்போயிருவேக்கா.”

“போனா போறேன். உச்சிலதானே போறேன்? இந்தத் தெருவுல எந்தப் பொம்பளைக்குக் கெடைச்சிருக்கு?”

அவன் அவள் விரல்களைத் தன் இரண்டு கைக்குள் வைத்துத் தேய்த்தான். சூடு ஏறவில்லை. அவனுக்கு அழுகை வந்தது, அழ அந்தக் காற்று போதாமல் அதுவும் பாதியில் நின்றது.

கஸ்தூரி வாயைத் திறந்திருக்க வேண்டும். மத்தியானம் செல்லையா வந்தார். குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார், உள்ளே எட்டிப் பார்த்தார், அக்கா கண்ணை மூடியிருப்பதைப் பார்த்து இளஞ்சேரனை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. இரண்டு மகள்களை இந்த வருஷ உப்பில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்.

“தம்பி, நீங்க நின்னுட்டீங்கன்னா நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அஞ்சுகம் எனக்கும் தங்கச்சி மாதிரிதான். ஆனா தெரு சொல்லும். ஒருத்திக்காக எல்லார் அளமும் போச்சேன்னு சொல்லும். இப்ப சொல்லாது, அடுத்த வருஷம் மழை முந்திக்கிட்டா அப்ப சொல்லும். குழாயடில சொல்லும். அவ காதுல விழற மாதிரி சொல்லும். அவ அதுல பொழைப்பாளா? அதையும் யோசிச்சுக்குங்க.”

“யோசிக்கிறேண்ணே.”

“நான் மிரட்டல தம்பி.”

“தெரியும்ணே.”

அன்று சாயங்காலம் தெரு அம்பாரத்தைச் சுற்றி நடக்கவில்லை. அவன் மட்டும் போனான், இரும்புப் பற்களை மாட்டாமல், வெறுங்காலோடு, எல்லாரும் ஏறுகிற சரிவான பக்கமாக. உச்சியில் உட்கார்ந்தான். அளங்கள் மேற்கு வெளிச்சத்தில் சதுரம் சதுரமாகப் பூத்துக்கொண்டிருந்தன, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் குறைந்து உப்பு மேலே வந்தது. அப்பால் கடல், அதற்கு இங்கே நடந்த எதிலும் பங்கில்லை. மலையை நினைத்தான். ஜன்னலில் தெரிந்ததுபோல அல்ல, கைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பதுபோல, அடுத்த கொத்துக்குக் கோடரியை ஓங்கினால் நீலப் பனியின் தூள் முகத்தில் தெறிக்கும் என்பதுபோல. உடம்பு தயாராக இருந்தது. அவன் ஆயுளில் எந்த ஒன்றுக்கும் இவ்வளவு தயாராக இருந்ததில்லை. அவன் போனால் அவள் காரணம் ஆகமாட்டாள், இருக்கவும் மாட்டாள். அவன் நின்றால் அவள் இருப்பாள், காரணமாக இருப்பாள்; தெருவுக்கும், செல்லையாவுக்கும், மிட்டாய்க் கடையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அவன் முகத்துக்கும். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தான், ஒவ்வொரு தடவையும் மூச்சு வாங்கியது. வாத்துகள் அவனைச் சுற்றி நின்று, எப்போது கிளம்புவோம் என்பதுபோல வடக்குப் பார்த்தன.

கீழே இறங்கி வந்தபோது அக்கா சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள், தூக்கத்திலும் தோள்கள் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தன.

மறுநாள் காலை இளஞ்சேரன் அளத்துக்குப் போகிற பாதையில், யார் காதிலும் விழாத இடத்தில் நின்று ராணாவைக் கூப்பிட்டு, தன் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி சொன்னான். பிறகு கலியமூர்த்தி கடைக்குப் போனான். செல்லையா உட்பட எல்லாரும் அங்கே இருந்தார்கள், எதிரே அவன் வீட்டு அடுப்படி ஜன்னல் திறந்திருந்தது. வழக்கமாக எண் கேட்கிற அதே குரலில், “ராணா என்னை வேணாம்னுட்டாரு” என்றான். “வயசாயிடுச்சாம். இந்தக் காலை வச்சுக்கிட்டு நான் ஏற மாட்டேனாம்.”